அபாரத் திறமை மலிவாகிப் போவது எப்படி? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

பெரிய திறமைசாலிகள் சோம்பேறித்தனத்தால்தான் காணாமல் போகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. ஓவியம், இசை, எழுத்து, எடிட்டிங் எதுவானாலும், கைத்திறன் உள்ளவர்கள் பெரும்பாலும் ஓயாமல் வேலை செய்துதான் தேய்ந்து போகிறார்கள். தனக்குச் சுலபமாக வருவதை அவர்களே ஒரு பொருட்டாக நினைப்பதில்லை, அப்புறம் மற்றவர்கள் ஏன் மதிக்கப் போகிறார்கள்?

இது முதலில் தெரிவது விலை சொல்லும்போது. ஒரு லோகோவை மற்றவர் நான்கு நாள் மல்லுக்கட்டி முடிப்பார், இவர் ஒரு மதியத்தில் முடித்துவிட்டு, "அரை நாள் வேலைதானே" என்று அரை நாள் கூலியைக் கேட்பார். கொஞ்சம் யோசித்தால் இதன் அபத்தம் புரியும்: தேர்ச்சி கூடக்கூட வேகம் கூடும், மணிக்கணக்கில் விலை வைத்தால் தேர்ச்சி கூடக்கூட வருமானம் குறையும். வாங்குகிறவரோ அந்த லோகோவைப் பல வருடம் பெயர்ப்பலகையிலும் பெட்டியிலும் விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளப் போகிறார். அதனால் எங்கே, எவ்வளவு காலம், எதற்கெல்லாம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள், அதை வைத்து விலை சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவர் கேட்டால், எந்தத் தேதியில் கையில் கிடைக்கும் என்று மட்டும் சொன்னால் போதும். சீக்கிரம் முடித்துவிட்டாலும் உடனே அனுப்ப வேண்டியதில்லை. ஒரு இரவு கிடக்கட்டும், காலையில் பார்த்தால் திருத்த ஏதாவது ஒன்று நிச்சயம் கண்ணில் படும்.

விலையாவது அடுத்த வேலையில் சரிசெய்துகொள்ளலாம். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேன் பாத்திரத்தின் முழு உரிமையையும் 1938-ல் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை, வருடக்கணக்கில் பல இடங்களில் காட்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒன்றைக் கடைசியில் ஒருவர் வாங்க வந்தார், அவ்வளவுதான். அந்தப் பாத்திரம் அள்ளிக்கொட்டிய பணம் வேறிடத்துக்குப் போக, இவர்கள் வழக்கு, வறுமை எல்லாம் பார்த்தார்கள். பொதுவெளியில் பெரிதாகக் குரல் கிளம்பிய பிறகு 1975-ல்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் படைப்பாளர்கள் என்ற அங்கீகாரமும் கிடைத்தன. 37 வருடம் கழித்து!

"இது போனால் போகட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம்" என்ற தைரியம் திறமைசாலிக்கு இயல்பாகவே இருக்கும். படைக்கும்போது அது நல்ல குணம், கையெழுத்துப் போடும்போது மட்டும் ஆகாது. உரிமையையே விற்கிறீர்களா, பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறீர்களா என்று பாருங்கள். காலவரம்பு இருக்கிறதா, உங்கள் பெயர் வருமா, அதிலிருந்து தொடரோ பொம்மையோ வீடியோ கேமோ வந்தால் பங்கு உண்டா? "இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்று ஒரு வரி எங்காவது உள்ளே தள்ளி இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் குரலையோ படத்தையோ எடுத்துக்கொள்ளலாமா என்பதும் இப்போது தனியாகப் பேச வேண்டிய விஷயம். புரியவில்லை என்றால் வக்கீலிடம் காட்டுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷர் 1960-களின் நடுவில், புகழின் உச்சத்தில் இருந்தபோது, அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. ஃபோக்கல் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறு. இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தும், பாடம் சொல்லிக்கொடுத்தும், இசைக்குழுவை நடத்தியும் காலம் தள்ளினார், மறுபடி இரண்டு கைகளாலும் வாசிக்கச் சுமார் 30 ஆண்டுகள் ஆயின. விரலோ குரலோ மரத்துப்போவது, வலிப்பது, சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது எல்லாமே வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகச் சொல்லும் அறிகுறிகள். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய குழுவும் 1993-ல் வெளியிட்ட வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்வைப் பலர் அதிக நேரப் பயிற்சிக்கு ஆதாரமாகச் சொல்வார்கள். சிறந்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், மதியமும் ஒரு தூக்கம் போட்டார்கள் என்று அதிலேயே இருக்கிறது, அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள்.

புகழ்ச்சியும் ஒரு வகையில் கெடுதல்தான். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து ஒரு கடினமான கேள்வித்தாளில் சறுக்கிய பிறகு, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள், சிலர் மதிப்பெண்ணையே கூட்டிச் சொன்னார்கள். பெரியவர்கள் இதைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பிறவிக் கலைஞன் என்று பத்துப் பேர் சொல்லிவிட்டால், அந்தப் பட்டம் போய்விடுமோ என்ற பயத்தில், ஏற்கெனவே கைதட்டல் வாங்கியதையே திரும்பத் திரும்பச் செய்வோம். உங்கள் கடைசி ஐந்து வேலைகளில் எதிலாவது தோற்றுப்போக வாய்ப்பு இருந்ததா என்று பாருங்கள். ஒன்றில்கூட இல்லை என்றால் எங்கேயோ தேங்கிவிட்டீர்கள்.

இனி, இப்படி ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு. அலுவலகத்தில் எந்த வேலை கெட்டுப்போனாலும் கடைசி நேரத்தில் அவரிடமே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், அவரும் சரிசெய்து தந்துவிடுவார். அப்படியே ஒரு வருடம் போனால், அவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவுமே செய்திருக்க மாட்டார், அடுத்தவர் சொதப்பியதைத் துடைத்ததைத் தவிர. அடுத்த தவறு, நன்றாகச் செய்கிறார் என்பதற்காகவே அவரை மேனேஜர் ஆக்குவது. அணியை நடத்த அவருக்கே ஆசை இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆசை இல்லாதவரை உட்கார வைத்தால் ஒரு நல்ல கலைஞரும் போய்விடுவார், நல்ல மேனேஜரும் கிடைக்க மாட்டார். தூரிகையையோ கீபோர்டையோ கீழே வைக்காமலே சம்பளமும் பதவியும் ஏற ஒரு வழி வையுங்கள், வேண்டாத வேலையை மறுக்கும் உரிமையும் கூடவே இருக்கட்டும். இதையெல்லாம் அவர் ராஜினாமாக் கடிதம் நீட்டிய அன்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் பலிக்காது, அதற்குள் அவர் வேறு இடத்தில் சரி என்று சொல்லியிருப்பார்.