நெமியா: பழைய கிரேக்க ஓட்டக்களத்தை முதல்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

பழைய கிரேக்கர்கள் எல்லா ஊர்களிலிருந்தும் கூடிய பெரும் போட்டிகள் நான்கு: ஒலிம்பியா, டெல்ஃபி, இஸ்த்மியா, நெமியா. பலர் ஒலிம்பியாவோடு திரும்பிவிடுகிறார்கள். அன்றைய ஓட்டவீரன் நடந்த வழியிலேயே நடந்து பார்க்க ஆசையா? நெமியாவுக்குப் போங்கள்.

முதலில் பயணம். ஏதென்ஸிலிருந்து கொரிந்து வழியாகக் காரில் போனால் ஒன்றரை மணி நேரம். வழிகாட்டிச் செயலியில் 'அர்க்கையா நெமியா' (பழைய நெமியா) என்று போடுங்கள். வெறும் நெமியா என்றால் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்றைய ஊருக்குக் கொண்டுபோய்விடும். காலையிலேயே போய்விடுங்கள், ஓட்டக்களத்தில் நிழல் குறைவு.

அடுத்து அருங்காட்சியகம். இதை முதலில் பார்த்தால்தான் வெளியே கிடக்கும் கற்கள் புரியும். பக்கத்திலேயே கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் சீயஸின் கோயில், கி.மு. 330 வாக்கில் கட்டியது. நூற்றாண்டுகளாக மூன்று தூண்களே நின்றன. விழுந்து கிடந்த கற்களை அடுக்கி நிமிர்த்தியதில் இப்போது ஒன்பது.

அப்புறம் ஓட்டக்களம். கோயிலிலிருந்து நடந்தே போகலாம். இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். வீரர்கள் உடை களைந்து எண்ணெய் பூசிக்கொண்ட அறையின் அடித்தளம் முதலில் வரும். அதைத் தாண்டினால் 36 மீட்டர் நீளக் கல் சுரங்கப்பாதை. 1978இல் ஸ்டீபன் மில்லரின் அகழாய்வுக் குழு கண்டெடுத்தது. உள்ளே சுவரை உற்றுப் பாருங்கள்: முறை வருவதற்காகக் காத்திருந்தவர்கள் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. எனக்குக் கோயிலைவிட இந்தச் சுவர்தான் பெரிது. ஜெயித்தவனுக்குச் சிலை வைத்திருப்பார்கள். இங்கே ஓடப்போகிறவன் தன் கையால் எழுதியிருக்கிறான்.

சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தால் வெயிலும் களமும். தொடக்கக் கல்வரிசையில் கால்விரல் பதிக்க இரண்டு பள்ளக்கோடுகள் உண்டு. ஒரு காலைச் சற்று முன்னே வைத்து நின்று பாருங்கள், உடம்பு தானாக முன்னால் சாயும். களத்தைச் சுற்றி ஓடும் கல் வாய்க்கால் குடிநீருக்கானது. வென்றவருக்குக் கிடைத்தது காட்டு செலரிக் கீரையில் கட்டிய கிரீடம். 1996 முதல் இங்கே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை போட்டி நடத்துகிறார்கள். சாதாரண ஆட்களும் வெள்ளை அங்கியில், வெறுங்காலோடு ஓடலாம். பயணத்தை அதற்கேற்ப அமைக்க முடிந்தால் விடாதீர்கள்.

கடைசியாக ஒயின். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்தான். இவ்வூர்ச் சிவப்புத் திராட்சையின் பெயர் அகியோர்கிட்டிகோ. கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் நெமியச் சிங்கத்தைக் கொன்ற கதையை வைத்து, இந்த ஒயினை 'ஹெராக்ளிஸின் ரத்தம்' என்பார்கள். ஒயின் ஆலைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், செப்டம்பர் அறுவடைக் காலத்தில் கட்டாயம். இளம் ஒயினையும் மரப்பீப்பாயில் வைத்ததையும் அடுத்தடுத்துக் கேட்டுச் சுவையுங்கள், ஒரே திராட்சையா என்று வியப்பீர்கள். கார் ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். அவருக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.