சாரலில் வாக்கிங்: பெரியவர்களும் கூடப் போகிறவர்களும் செய்யும் தவறுகள்

சாரல் தொடங்கியதும் செங்கோட்டைப் பக்கம் காலை நடைக்குப் புதுமுகங்கள் வந்துவிடுவார்கள். வெயில் கிடையாது, ஆரியங்காவு கணவாய்க் காற்று வேறு. குடை எடு, தண்ணீர் குடி என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நடப்பவரிடம் கணக்குக் கேட்பது

வருஷா வருஷம் எரிச்சல் மூட்டுவது இதுதான். ‘மூளைக்கு நல்லது’ என்று வாட்ஸப்பில் வந்ததாம். குண்டாறு அணைச் சாலையில் எழுபது தாண்டிய அப்பாவை நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்கிறார் மகன். “தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு, எழுபத்தி…” அப்பா நின்றுவிட்டார். “நிக்காதீங்கப்பா, நடந்துகிட்டே சொல்லுங்க.” அடுத்த அடி பாசி பிடித்த ஓரக்கல்லில். மணிக்கட்டோடு போனது, இடுப்பெலும்பு என்றால் மாதக்கணக்கில் படுக்கை.

அவர் நின்றது சரி. இளவயதில் கால் தன்பாட்டுக்கு நடக்கும். வயதாக ஆக ஒவ்வோர் அடிக்கும் கவனம் தேவைப்படும். அதைக் கணக்கு பிடுங்கிக்கொண்டால் அடி சிறுக்கும், பாதம் தரையிலிருந்து எழும்பாது, சின்ன மேடும் தடுக்கும். 1997-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், முதியோர் குடியிருப்பில் 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்ல நின்றவர்கள் 12 பேர். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்துவிட்டார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஈரமில்லாத சமதரையில் கூடவே நடந்து, “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். நின்றுவிட்டுத்தான் பதில் சொல்கிறார் என்றால், வெளியே நடக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். பலவீனமான கால் பக்கமாக, அரையடி பின்னால் வாருங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். கதையெல்லாம் பாலத்துத் திண்டில் உட்கார்ந்த பிறகு. கணக்குப் பயிற்சிதான் வேண்டும் என்றால் வீட்டுக் கூடத்தில், சுவர் கைக்கெட்டும் தூரத்தில்.

தானாகப் பேசிக்கொண்டே நடப்பவரை விட்டுவிடுங்கள். அவருக்கு அதுதான் சுகம்.

முதல் நாளே ஒரு மணி நேரம்

நடையால் மூளையின் நினைவாற்றல் பகுதியான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது என்ற 2011 ஆய்வை எல்லாரும் சொல்வார்கள். அதில் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில்தான் 40 நிமிடத்தைத் தொட்டார்கள் என்பதைச் சொல்வதில்லை. அதுவும் வாரம் மூன்றே நாள், ஒரு வருஷம்.

தினமும் பத்தாயிரம் அடி

1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வைத்த பெயர். விடுங்கள்.

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில்

கிளிமிப்பிரைடோ இன்சுலினோ எடுப்பவருக்கு நடையில் சர்க்கரை சட்டென இறங்கும். வியர்வை, கை நடுக்கம், குழறல். பார்ப்பவர்கள் ‘வயசாச்சு’ என்று நினைத்துக்கொள்வார்கள். கிளம்பும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். சட்டைப்பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

ஹவாய் செருப்பு

சாரலில் வேண்டவே வேண்டாம்.