போட் ப்ரொபெல்லர் மக்கர் பண்ணுதா? முதல்ல இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

இஞ்சின் நல்லா கத்துது, போட் மட்டும் நகர மாட்டேங்குது. இப்படி ஆனதும் முக்கால்வாசி பேர் என்ன பண்றாங்கன்னா த்ராட்டில இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பாக்குறாங்க, முதல் தப்பே அதுதான். தயவுசெஞ்சு த்ராட்டில குறைச்சு நியூட்ரலுக்கு வாங்க, அந்த நேரத்துல ஆர்பிஎம் (இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுங்கிற கணக்கு) எவ்ளோ காட்டுச்சு, ஸ்பீடு எவ்ளோ இருந்துச்சுன்னு ரெண்டையும் குறிச்சு வச்சுக்கோங்க. ப்ரொபெல்லர் கோளாறுல பாதிக்கு மேல இந்த ரெண்டு நம்பரையும் சேத்து வச்சுப் பாத்தாலே பிடிபட்டுடும். ஒண்ண மட்டும் பாத்தீங்கன்னா இஞ்சின்லதான் ஏதோ வியாதின்னு நெனச்சு கார்புரேட்டரக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்க.

ஆர்பிஎம் சர்ருனு ஏறுது, ஸ்பீடு ஏறலன்னு வைங்க. ப்ரொபெல்லரால தண்ணியப் பிடிக்க முடியலன்னு அர்த்தம். இதுக்கு எல்லாரும் டக்குனு சொல்ற பேரு கேவிட்டேஷன், ஆனா நிறைய நேரம் நடக்குறது வென்டிலேஷன், அதாவது மேல இருக்குற காத்தோ இஞ்சின் புகையோ ரெக்கைக்குள்ள இழுபடுது. வேகமா திரும்பும்போது, மோட்டார ரொம்ப மேல ட்ரிம் பண்ணும்போது (அதாவது சாய்ச்சுத் தூக்கும்போது), இல்ல மோட்டாரையே உயரமா மாட்டியிருந்தா இது வரும், த்ராட்டில குறைச்சதும் மறுபடி பிடிச்சுக்கும். ப்ரொபெல்லருக்கு மேல தட்டையா ஒரு பிளேட் இருக்குல்ல, அது மேல இருந்து காத்து இறங்காம தடுக்குறதுக்குத்தான். சாதாரண அவுட்போர்டுல, அதாவது போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற மோட்டார்ல, அது போட்டோட அடிப்பாகத்துக்கு சமமாவோ ஒரு இன்ச் மேலயோ இருந்தா சரி, அதுக்கும் ரொம்ப மேல போயிருந்தா மோட்டார இறக்கி மாட்டணும்.

கேவிட்டேஷன் வேற சங்கதி. ரெக்கையோட ஒரு பக்கம் அழுத்தம் ரொம்பக் குறைஞ்சு, சூடே இல்லாம தண்ணி அங்கயே கொதிச்சு குமிழியாகி, அந்தக் குமிழி உடையும்போது உலோகத்தயே கொத்திக் கொத்தி எடுத்துடும். ரெக்கை மேல பொட்டுப் பொட்டா அரிச்ச மாதிரி குழி இருந்தா அதுவா இருக்கலாம். ரெக்கை முனை சிதைஞ்சிருக்கான்னு பாருங்க, முன்னாடி தண்ணிய கலைக்கிற மாதிரி சோனார் சென்சார் ஏதாவது மாட்டியிருக்கான்னும் பாருங்க.

இத விட நம்மள அதிகமா ஏமாத்துறது நடுவுல இருக்குற ரப்பர் ஹப். ரெக்கை கல்லுல மோதினா கியர் உடையக் கூடாதுன்னுதான் அந்த ரப்பர வச்சிருக்காங்க, அது விட்டுப்போச்சுன்னா மெதுவா போறப்போ எல்லாம் சரியா இருக்கும், த்ராட்டில் கொடுத்ததும் இஞ்சின் மட்டும் சுத்தும், போட் அப்படியே நிக்கும். கழட்டிப் பாத்தா மூணு ரெக்கையும் பளபளன்னு இருக்கும், 'இதுல ஒண்ணும் இல்லையே'ன்னு திருப்பி மாட்டிடுவாங்க. அப்படி மாட்டாதீங்க. உள் ஹப்புல இருந்து வெளி ஹப்பு வரைக்கும் பெயின்ட்ல நேரா ஒரு கோடு போட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பாருங்க, கோடு ரெண்டா பிரிஞ்சு தள்ளி நின்னா ஹப் போச்சு. கரைக்கு வர்றவரைக்கும் ரொம்ப மெதுவா ஓட்டிட்டு வந்துடலாம், அவசரப்பட்டா இருக்குற பிடியும் போயிடும்.

சின்ன மோட்டார்ல ஹப்புக்குப் பதிலா ஷியர் பின், அதாவது ப்ரொபெல்லரயும் ஷாஃப்டையும் சேத்துப் பிடிக்கிற சின்ன கம்பி இருக்கும். அது உடைஞ்சா உடனே ஒரு ஆணிய வெட்டிப் போடுறது, ஸ்டீல் போல்ட்டத் திணிக்கிறது, இத நான் கெஞ்சிக் கேக்குறேன், பண்ணாதீங்க. அந்தப் பின்னோட வேலையே உடையறதுதான், அது உடையலன்னா அடுத்த அடியில கியரோ ஷாஃப்டோ உடையும்.

இப்ப இதுக்கு நேர் எதிர், ஃபுல் த்ராட்டில் கொடுத்தும் ஆர்பிஎம் மேனுவல்ல சொன்ன அளவுக்கு ஏறல. ஒரு மோட்டாருக்கு 5000ல இருந்து 6000 வரைக்கும்னு போட்டிருந்து உங்களுக்கு 4500 தான் வருதுன்னா இஞ்சின் மூச்சு முட்டி இழுக்குதுன்னு அர்த்தம். ஆர்பிஎம் கம்மியா இருந்தா இஞ்சினுக்கு நல்லதுதானேன்னு விட்டுடுறவங்க இருக்காங்க, நல்லது இல்ல, அதிக பாரத்தோட திணறிக்கிட்டே ஓடுறது இஞ்சின உள்ள இருந்து கெடுக்கும். அதுக்காக உடனே புது ப்ரொபெல்லர் வாங்கவும் ஓடாதீங்க. அடியில பாசியும் கொட்டலசும் பிடிச்சிருக்கா, உள்ள தண்ணி தேங்கியிருக்கா, பாரமெல்லாம் ஒரே பக்கம் இருக்கா, முதல்ல இதப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தும் ஏறலன்னா பிட்ச் (ப்ரொபெல்லர் ஒரு சுத்துக்கு கணக்குப்படி முன்னாடி போற தூரம்) கம்மியா இருக்குற ப்ரொபெல்லர் போடணும், 1 இன்ச் குறைச்சா தோராயமா 150ல இருந்து 200 ஆர்பிஎம் ஏறும். டெஸ்ட் பண்ணும்போது நீங்க வழக்கமா ஏத்துற ஆளு, டீசல் பெட்ரோல், சாமான் எல்லாத்தோடயும் பண்ணுங்க, காலி போட்ட ஓட்டிப் பாத்து வாங்கினா கண்டிப்பா தப்பாத்தான் வரும்.

ஒரு கணக்கு சொல்றேன், இது ரொம்ப உதவும். பிட்ச் 17 இன்ச், இஞ்சின் 5400 ஆர்பிஎம், கியர் ரேஷியோ 2க்கு 1ன்னா ப்ரொபெல்லர் நிமிஷத்துக்கு 2700 சுத்து, ஒரு சுத்துக்கு 17 இன்ச் போனா மணிக்கு கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் வரணும். ஜிபிஎஸ்ல 60 காட்டினா 14 சதவீதம் ஸ்லிப், அதாவது கணக்குல வரவேண்டியதுல அவ்ளோ நழுவிப் போகுது, தண்ணி மேல எழும்பி ஓடுற போட்டுக்கு 10ல இருந்து 20 வரைக்கும் சகஜம். ஸ்லிப் 35, 40 சதவீதம்னு போச்சுன்னா காத்து, ஹப், ரெக்கை இதுல ஏதோ ஒண்ணு. நல்லா இருக்கும்போதே இத ஒரு தடவ போட்டு எழுதி வச்சுக்கோங்க, நாளைக்கு சந்தேகம் வந்தா ஒப்பிட்டுப் பாக்க ஏதாவது வேணும்ல.

அதிர்வு வந்தா ரெக்கை வளைஞ்சிருக்கலாம். கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. மேல இருக்குற பிளேட்டுல ஒரு குச்சிய, முனை ரெக்கை நுனிய ஒட்டி நிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு, நியூட்ரல்ல கையால மெதுவா சுத்துங்க, எல்லா ரெக்கையும் ஒரே இடைவெளியில குச்சியத் தாண்டிப் போகணும். வளைஞ்சிருந்தா சுத்தியலால தட்டி நிமித்துற வேலை வேண்டாம், அலுமினியம்னா கண்ணுக்குத் தெரியாம விரிசல் விடும். சின்ன பிசிறு மட்டும்தான்னா அரம் வச்சு ராவிடலாம். ப்ரொபெல்லரக் கழட்டின பிறகு ஷாஃப்டே ஆடுதுன்னா அது மெக்கானிக் பாக்க வேண்டியது.

தூண்டில் நரம்பு விஷயத்துல அசட்டையா இருக்காதீங்க. சுத்திக்கிட்டது வெளிய தெரியாது, ப்ரொபெல்லருக்குப் பின்னாடி போய் உக்காந்து சூடாகி சீல அறுத்துடும், தண்ணி கியர் ஆயில்ல கலந்து ஆயில் பால் மாதிரி வெளுத்துப் போகும். எதுவும் கோளாறு இல்லன்னாலும் அப்பப்போ கழட்டிப் பாருங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், சாவிய எடுங்க, கில் ஸ்விட்ச் (இஞ்சின உடனே அணைக்கிற ஸ்விட்ச்) கயித்த உருவுங்க, பேட்டரியக் கழட்டுங்க, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மோட்டார்னா ஸ்பார்க் பிளக் வயர எடுத்துடுங்க. கியர்ல இருக்குறப்போ ப்ரொபெல்லரக் கையால சுத்தினா இஞ்சினும் சுத்தும், அது பத்திக்கிச்சுன்னா விரல் போயிடும். நட்ட லூஸ் பண்ணும்போது ரெக்கைக்கும் பிளேட்டுக்கும் நடுவுல மரக்கட்ட வைங்க, கையக் கொடுக்காதீங்க. அதே மாதிரி தண்ணில யாராவது இறங்குறப்போ ஏறுறப்போ நியூட்ரல் போதும்னு நினைக்காதீங்க, இஞ்சினயே அணைச்சுடுங்க.

திருப்பி மாட்டும்போது ப்ரொபெல்லருக்கும் கியர் கேஸுக்கும் நடுவுல வர்ற த்ரஸ்ட் வாஷர மறந்துடுறதும் தலைகீழா போடுறதும் அடிக்கடி நடக்குது, அப்படிப் போட்டா ஹப் கியர் கேஸ்ல உரசும். கழட்டுறப்போ வாஷர் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ஷாஃப்ட் பல்லுல மெரைன் கிரீஸ் தடவாம மாட்டினா அடுத்த தடவ கழண்டே வராது. நட்டு கழண்டுடாம பூட்டுற காட்டர் பின் ஒரு தடவ வளைச்சது வளைச்சதுதான், புதுசு போடுங்க. மாத்து ப்ரொபெல்லர், ஸ்பேனர், மரக்கட்ட, ரெண்டு மூணு காட்டர் பின் எல்லாம் போட்லயே கிடக்கட்டும், நட்டும் வாஷரும் மட்டும் ரெண்டு செட்டா வச்சுக்கோங்க, தண்ணி மேல தொங்கிக்கிட்டு கழட்டுறப்போ அதுல ஒண்ணு நழுவித் தண்ணிக்குள்ள போயிடும்.