வறண்ட வார்டுக்கு பஞ்சாயத்து பிளான்ல வேலை வாங்குறது எப்படி

நான் இருக்கறது பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினா கோயமுத்தூர் ஜில்லா. கேரளான்னா எங்க பார்த்தாலும் மழை, பச்சைன்னு நினைக்கறவங்க ஒருக்கா ஏப்ரல் மாசம் எங்க ஊருக்கு வந்து பார்க்கோணும். மழை மறைவு பகுதி, போர் போட்டா புழுதிதான் பறக்குது, 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர் ஆத்துக்கு வருசம் 7.25 டிஎம்சி தண்ணி வரோணும், கோடைக்கு கோடை அதுக்கே இழுபறி.

பின்தங்கின பகுதிக்குன்னு அரசாங்கம் பணம் ஒதுக்குதே, நமக்கு மட்டும் ஏன் வரலைன்னு டீக்கடையில கேக்காத ஆளே இல்ல. வந்துச்சுங்க. 2006-07ல மத்திய அரசு 250 பின்தங்கின மாவட்டத்துக்கு தனி நிதி ஆரம்பிச்சப்ப கேரளாவுல எடுத்தது ரெண்டே மாவட்டம், பாலக்காடும் வயநாடும். அது 2015ல நின்னுபோச்சு. வடக்கால காசர்கோடு மாவட்டத்துக்கு, அது ஏன் பின்தங்கிருச்சுன்னு பார்த்த பிரபாகரன் கமிஷன் ரிப்போர்ட் 2012ல வந்து தனி பேக்கேஜே போட்டாங்க. ஆனா லிஸ்ட்ல மாவட்டம் பேர் வந்துட்டா மட்டும் நம்ம தெருவுக்கு பைப் வந்துராது, மாவட்டத்துக்குள்ளயே மேற்கால வசதி வேற, கிழக்கால எங்க வறட்சி வேற. மாவட்டத்தை மேல இருக்கறவங்க எடுக்கறாங்க, எந்த தெருன்னு முடிவாகறது கிராம சபா மினிட்ஸ் புக்குல, அதாவது கூட்டத்துல பேசினதை எழுதி வெக்கற நோட்டுல. அதனால நம்ம கைக்கு எட்டற இடத்துல இருந்தே ஆரம்பிக்கலாம்.

1996 ஆகஸ்ட் 17ல ஜனகீயாசூத்ரணம், அதாவது ஜனங்களே திட்டம் போடற முறை, கேரளாவுல ஆரம்பிச்சப்ப மாநில பிளான் பணத்துல 35லருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குன்னு முடிவு பண்ணாங்க, பஞ்சாயத்துக்கு இன்னிக்கும் பிளான் ஃபண்டு வர்றது அந்த வழியிலதான். கிராம சபா வார்டு வார்டா நடக்கும், மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் கூடோணும், கோரம், அதாவது குறைஞ்சது வரவேண்டிய ஆளுங்க, வார்டு வோட்டர்ல பத்து சதவீதம், கூட்டவேண்டியது வார்டு மெம்பர். அவர் கூட்டலைன்னா பத்து சதவீத வோட்டர் கையெழுத்தோட, என்ன பேசோணும்னு எழுதி குடுத்தா பதினஞ்சு நாளுக்குள்ள சிறப்பு கூட்டம் போட்டே ஆகோணும், ரெண்டு சாதாரண கூட்டத்துக்கு நடுவுல ஒருக்காதான் இப்படி கேக்க முடியும், அதனால சும்மா கோபத்துல அதை செலவு பண்ணிராதீங்க.

இனி முக்கியமான விஷயம், எப்படி கேக்கறதுங்கறது. எங்க வார்டுல ஒரு வருசம் கிராம சபாவுல வயசான ஆத்தா ஒருத்தங்க எந்திரிச்சு, நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது சாமி, அதுவும் மேட்டுத்தெருவுக்கு ஏறறதில்லன்னு அழாத குறையா சொன்னாங்க, எல்லாரும் ஆமாம் ஆமாம்னாங்க, நாங்களும் வேலை ஆகிரும்னு வீட்டுக்கு வந்துட்டோம். பிளான் லிஸ்ட்ல அது இல்ல. அப்பறம் மினிட்ஸ் காப்பி வாங்கிப் பார்த்தா, குடிவெள்ள பிரச்னை பரிகரிக்கணும்னு, அதாவது குடிதண்ணி பிரச்னையை தீர்க்கணும்னு, ஒரே வரி. எந்த தெரு, எத்தனை வீடு, எங்கிருந்து எங்க வரைக்கும், ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு வரியை வெச்சு யாரு எஸ்டிமேட் போடுவாங்க?

அடுத்த வருசம் நானும் தோட்டத்துக்கார தம்பி ஒருத்தனும் தோட்டம் அளக்கற டேப்பை எடுத்துட்டு டேங்க்ல இருந்து மேட்டுத்தெரு கடைசி வீடு வரைக்கும் நடந்தோம். 340 மீட்டர், 41 வீடு, இப்ப இருக்கற பைப் எந்த வேப்பமரத்துகிட்ட முடியுதுங்கறது வரைக்கும் நோட்டுல எழுதினோம். அளக்கறப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சுது, நடுவுல ஒரு முப்பது மீட்டர் தனியார் தோட்டம், அந்த ஓனர் சம்மதபத்திரம் குடுக்காம பைப் போட முடியாது, அவரை பார்க்க மூணு தடவை நடந்தோம். ரோடு கேக்கறவங்களுக்கும் இதே கதைதான், அந்த ரோடு பஞ்சாயத்தோட சொத்தை எழுதி வெக்கற ஆஸ்தி ரிஜிஸ்டர்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா பஞ்சாயத்து அதுல பணம் போட முடியாது, அதை ரிஜிஸ்டர்ல ஏத்தறதுதான் உங்க முதல் வேலை.

சபாவுல குரூப் குரூப்பா பிரிச்சு உட்கார வைப்பாங்க, கிருஷி (விவசாயம்), குடிதண்ணி, ரோடுன்னு. உங்க விஷயம் எதுவோ அந்த குரூப்ல போய் உட்காருங்க, பொதுவுல எந்திரிச்சு சத்தம் போடறதை விட அங்க பேசினாதான் எழுதுவாங்க. குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள்ல, அதாவது பக்கத்து வீட்டு பொம்பளைங்க சேர்ந்த சுய உதவிக் குழுக்கள்ல, முன்னாடியே பேசி வெச்சுட்டா முப்பது பொம்பளைங்க ஒரே விஷயத்தை சொல்லுவாங்க, அதுக்கு இருக்கற பலம் வேற. எழுதின பேப்பரை கையில குடுத்து, மினிட்ஸ்ல ஏறினதை பக்கத்துல நின்னு படிச்சுப் பார்த்துட்டு கெளம்புங்க. மொழிச் சிறுபான்மை பகுதின்னு அறிவிச்ச இடத்துல இருக்கற அரசு ஆபீசுக்கும் செகரட்டேரியட்டுக்கும் தமிழ்லயே எழுதற உரிமை கேரள ஆட்சிமொழி சட்டத்துல இருக்கு, நம்ம ஆளுங்க பாதிப்பேர் மலையாளம் எழுத வராதேன்னு வாயைத் திறக்கறதே இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம். தமிழ்ல எழுதுங்க, கூட ஒரு மலையாள காப்பியும் வெச்சா மினிட்ஸ் எழுதறவங்களுக்கு அப்படியே பார்த்து எழுதிக்க சுலபம்.

எந்த பணத்துல கேக்கறதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மத்திய அரசோட 15வது நிதிக்குழு 2021-26க்கு குடுத்த கிராண்ட்ல 60 சதவீதம் குடிதண்ணிக்கும் துப்புரவுக்கும்தான்னு இருந்துச்சு, அதை எடுத்து ரோட்டுல போட முடியாது. அதனால இப்ப வர்ற நிதிக்குழு கிராண்ட்ல தண்ணிக்குன்னு எவ்வளவு இருக்குன்னு கேட்டுட்டு தண்ணி வேலையை அந்த கணக்குல கேளுங்க, பிளான் ஃபண்டை வேற வேலைக்கு விடலாம்.

சபாவுக்கு அப்பறம் துறை துறையா திட்டம் எழுதற வர்க்கிங் குரூப், அதை எல்லாரும் பேசற வளர்ச்சி செமினார், பஞ்சாயத்து கமிட்டி, கடைசியா மாவட்ட திட்டக்குழு, இத்தனை படி ஏறோணும். ஒவ்வொரு படியிலயும் மெம்பர்கிட்ட நம்ம வேலை இன்னும் லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க, பாதி வேலை காணாம போறது இங்கதான். வாயில சொல்ற பதில் போதலைன்னா பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு போடுங்க, 30 நாளுக்குள்ள பதில் தரோணும். முக்கியமா, சபா எடுத்த முடிவை நடத்த முடியலைன்னா ஏன் முடியலைன்னு பிரசிடென்ட் அடுத்து கிராம சபாவுல சொல்லியே ஆகோணும், பஞ்சாயத்து ராஜ் சட்டத்துலயே இருக்கு. மரியாதையா எந்திரிச்சு, போன சபா தேதியை சொல்லி, மினிட்ஸ் காப்பியை கையில வெச்சுட்டு கேளுங்க.

செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கற சொந்தக்காரங்களுக்கு: தமிழ்நாட்டுல கிராம சபா பஞ்சாயத்து முழுசுக்கும் ஒண்ணா, வருசம் ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐநூறு பேருக்கு மேல மூவாயிரம் பேர் வரைக்கும் இருக்கற பஞ்சாயத்துன்னா 100 பேர் வரோணும், பத்தாயிரம் வரைக்கும்னா 200 பேர். அளந்து எழுதற வேலை அங்கயும் இதேதான்.

எங்க மேட்டுத்தெரு பைப் இந்த வருச பிளான்ல ஏறிருச்சு, எஸ்டிமேட் போட்டாச்சு, இன்னும் குழி தோண்டலை. ஆத்தா தினமும் கேக்கறாங்க, அடுத்த சபா தேதியை காலண்டர்ல சுழிச்சு வெச்சிருக்கேன்.