இசைப் பாடம் எடுத்திருக்கிறீர்களா? சுருதிப் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள்

பள்ளியில் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக எடுத்த பிள்ளைகளை முதலில் மிரட்டுவது அதன் சொற்கள்தான். சுருதி, ஸ்தாயி, ஆவர்த்தனம், ஜாதி, மேளம், ஜன்யம் என்று ஒரே வாரத்தில் வந்து குவியும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி உருப்போட்டால் தேர்வு வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை தொண்டையாலும் கையாலும் செய்கிற காரியங்களுக்கு வைத்த பெயர்கள். காரியத்தை முதலில் செய்து பாருங்கள், பெயரை அப்புறம் எழுதுங்கள். கீழே நான் சொல்லும் வரிசையும் அப்படித்தான்.

முதல் படி: சுருதி

சுருதிப் பெட்டியோ, போனில் ஒரு தம்புரா செயலியோ போதும். தம்புராவின் நாலு தந்திகளும் ப, ச, ச, ச என்று ஒலிக்கும். கடைசி ச மட்டும் கீழ் ஸ்தாயியில், அதாவது ஒரு ச-முதல்-ச அடுக்கு கீழே, இருக்கும். பாடகர் தன் ச வை எந்த உயரத்தில் வைக்கிறார் என்பதற்கான எண்தான் கட்டை. கீபோர்டின் C தான் 1 கட்டை. பெண் பிள்ளைகளுக்கும் குரல் உடையாத பையன்களுக்கும் 5 கட்டை அல்லது 5½ கட்டை பெரும்பாலும் பொருந்தும். குரல் உடைந்த பையன்கள் 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் தேடலாம். உங்கள் கட்டை எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: கீழே ப வரைக்கும், மேலே மேல் ச தாண்டி க, ம வரைக்கும் கத்தாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் கட்டை.

பிறகு கண்ணை மூடி 'ச' என்று நீட்டிப் பிடியுங்கள். உங்கள் குரலும் தம்புராவும் தனித்தனியாகக் கேட்காமல் ஒன்றோடொன்று கரையும் இடம் ஒன்று வரும். சுருதி சேர்ந்துவிட்டது என்பது அதைத்தான்.

இரண்டாம் படி: சுரங்களும் ஸ்தாயியும்

ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். பழந்தமிழில் இவை குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ச, ப இரண்டும் மாறாதவை. மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு நிலைகள் உண்டு. ஆகமொத்தம் 12 சுரஸ்தானங்கள். எழுதும்போது எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் மந்த்ர ஸ்தாயி, மேலே வைத்தால் தார ஸ்தாயி, புள்ளி இல்லாவிட்டால் மத்ய ஸ்தாயி. இதற்கு மேல் இங்கே நிற்க வேண்டாம், தாளத்துக்குப் போவோம்.

மூன்றாம் படி: தாளம்

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வலது கையைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அடுத்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று வரிசையாக எண்ணுங்கள். மொத்தம் நாலு எண்ணிக்கை. இது ஒரு லகு. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இந்த இரண்டு எண்ணிக்கை ஒரு திருதம். இன்னொரு திருதமும் போட்டால் எட்டு எண்ணிக்கையோடு ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் முடிந்தது. அந்த ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒரு அட்சரம். வெறும் தட்டு மட்டும் வந்தால் அது அனுதிருதம், ஒரே ஒரு அட்சரம்.

லகு என்றாலே நாலு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். திருதம் எப்போதும் இரண்டுதான், ஆனால் லகு ஜாதிக்கு ஏற்ப மாறும். திஸ்ர ஜாதியில் தட்டும் இரண்டு விரலுமாக 3. சதுஸ்ரத்தில் 4. கண்ட ஜாதியில் தட்டும் நாலு விரலுமாக 5. மிஸ்ரத்தில் 7. கட்டைவிரல் வரை ஐந்து விரலும் எண்ணிவிட்டு மறுபடி சுண்டுவிரலுக்கு வர வேண்டும். சங்கீர்ணத்தில் இன்னும் இரண்டு விரல் கூட்டி 9. துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்ற ஏழு தாளங்களை இந்த ஐந்து ஜாதிகளோடு பெருக்கினால் 35 தாளங்கள். ஆதி தாளத்தின் முழுப்பெயர் சதுஸ்ர ஜாதி திரிபுட தாளம். 4+2+2 என்று கையில் போட்டுப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் மறக்காது. அதே திரிபுடையைத் திஸ்ர ஜாதியில் போட்டால் 3+2+2, ஏழு அட்சரம்.

நான்காம் படி: சரளி வரிசை, மூன்று காலத்தில்

ச ரி க ம | ப த | நி ச ||
ச நி த ப | ம க | ரி ச ||

முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு சுரம். ஏறி இறங்க இரண்டு ஆவர்த்தனம் ஆகும். இரண்டாம் காலத்தில் அட்சரத்துக்கு இரண்டு சுரம், ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். மூன்றாம் காலத்தில் நாலு சுரம். ஒரு ஆவர்த்தனம் நிறைய இரண்டு முறை பாட வேண்டும். கை மூன்று காலத்திலும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வேகம் கூடுவது பாட்டில் மட்டும். பாட்டோடு சேர்ந்து கையும் ஓடினால் முதல் காலத்துக்கே திரும்பிப் போங்கள்.

இந்தப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கின்றன. அப்படி அமைத்துக் கொடுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. ஏன் இந்த ராகம் என்பதைக் கீபோர்டில் கண்ணாலேயே பார்க்கலாம். 1 கட்டையில் ச வைத்தால், அதை ஒட்டிய கறுப்புக் கட்டை ரி (இங்கே கட்டை என்பது கீபோர்டில் அழுத்தும் கட்டை). இரண்டு கட்டை தாண்டி க. அதை ஒட்டியே ம. இப்போது ப விலிருந்து பாருங்கள்: ஒட்டியே த, இரண்டு கட்டை தாண்டி நி, ஒட்டியே மேல் ச. கீழ்ப்பாதியில் குரல் பழகிய இடைவெளிகளே மேல்பாதியிலும் வருகின்றன. தொடக்கக்காரருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஐந்தாம் படி: ராகம்

ஏறுவரிசை ஆரோகணம், இறங்குவரிசை அவரோகணம். இரண்டிலும் ஏழு சுரமும் முறையாக வந்தால் மேளகர்த்தா. அவை 72 என்று 17ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் வேங்கடமகி. ம வின் கீழ்நிலையான சுத்த மத்யமத்தோடு 36, மேல்நிலையான பிரதி மத்யமத்தோடு 36. மாயாமாளவகௌளை 15வது மேளம், சங்கராபரணம் 29வது. மேளத்திலிருந்து பிறப்பது ஜன்ய ராகம்.

மோகனத்தையும் பிலஹரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஏறும்போது இரண்டும் ச ரி க ப த ச தான். இறங்கும்போது மோகனம் அதே ஐந்து சுரத்தில் வரும், பிலஹரி ஏழு சுரத்தோடும் வரும். போதாக்குறைக்கு கமகங்களும், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் விதங்களும், வேறு. சுரப் பட்டியலை மட்டும் படித்தால் ராகம் பிடிபடாது என்பது இந்த இரண்டைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஆறாம் படி: கருவிகள்

ஒலி எதிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பிரித்தால் வகை தானாக வந்துவிடும். தந்தி அதிர்ந்தால் நரம்புக் கருவி, காற்று போனால் துளைக் கருவி, தோல் அதிர்ந்தால் தோற்கருவி, கருவியின் உடலே அதிர்ந்தால் கன வாத்தியம். கடத்தைத் தோற்கருவி என்று எழுதுவது வழக்கமான தவறு. மானாமதுரை மண்ணில் செய்த பானைதானே அது, தோல் எங்கே இருக்கிறது? கன வாத்தியம் என்று எழுதுங்கள். கஞ்சிராவில் சலங்கை இருந்தாலும் அது தோற்கருவிதான்.

மிருதங்கத்தை ஒருமுறையாவது பக்கத்தில் போய்ப் பாருங்கள். வலந்தலையின் நடுவே கறுப்பாக நிலைத்திருக்கும் வட்டம்தான் அந்தக் கணீர் ஒலிக்குக் காரணம். இடந்தலையில் வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். அந்த எடைதான் 'தொம்' என்ற கனத்த ஒலியைத் தருகிறது. வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

வீணையில் தந்தியை அழுத்திப் பிடிக்கும் குறுக்குப் பட்டைகளான மெட்டுகள் 24, மெழுகில் பதிந்திருக்கும். வாசிக்க நாலு தந்தி, தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று தந்தி. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம்தான். நாதஸ்வரத்துக்கு ஆச்சாமரம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வயலின் மேற்கிலிருந்து வந்தது. அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முதலில் சொல்லப்படுபவர் பாலுசாமி தீட்சிதர், முத்துசாமி தீட்சிதரின் தம்பி.

ஏழாம் படி: உருப்படிகள், பாணிகள்

கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கிருதி என்று வரிசையாகக் கற்போம். கிருதிக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம். திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகள் சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர். அவர்களுக்கு முன்பே சீர்காழியோடு சேர்த்துப் பேசப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவரையும் சேர்த்தே படியுங்கள். தமிழில் கீர்த்தனை வளர்ந்த கதை அங்கே இருக்கிறது. தேவாரப் பண்களுக்கும் ராகங்களுக்கும் உள்ள உறவு தனிப் பாடம். பழம்பஞ்சுரம் இன்றைய சங்கராபரணம் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள். தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி ஆகியவை நாட்டுப்புற இசை. அவற்றை வீட்டுப் பெரியவர்களைப் பாடச் சொல்லிக் கேட்பதே நல்லது.

கடைசியாக, வாரம் ஒரு கச்சேரிப் பதிவாவது கேளுங்கள். பாட்டு ஆரம்பித்ததும் ராகம், தாளம், இயற்றியவர் என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டு, கேட்டபடியே நிரப்புங்கள். ராகம் தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளத்தைக் கையில் போடுங்கள். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கக்காரர் எங்கே போனாலும் உங்கள் கை மாறாமல் இருக்கட்டும். அதை முடிக்க மூன்று முறை வாசிக்கும் சொற்கட்டான கடைசி மோராவுக்குப் பிறகு பாடகர் பாட்டை எடுக்கும் இடமும் உங்கள் கையில் இருக்கும் இடமும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பதிவைப் பின்னால் இழுத்து மறுபடி போடுங்கள்.