மலைப்பாதை சீரமைப்பு: முதல்முறை வருபவர்களுக்கு

ஜவ்வாது மலை போன்ற இடங்களில் ஒற்றையடிப்பாதையைச் செப்பனிடத் தை, மாசிதான் தோதான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், மழை எங்கே அரித்தது என்ற தடமும் அழிந்திருக்காது. மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது கடப்பாரையைத் தொடவே முடியாது.

முதல் வேலை அனுமதி. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். கல்லைப் புரட்டுவதும் செடி வெட்டுவதும் அதற்கு மேல். வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிய பிறகு ஆள் சேருங்கள்.

இரண்டாவது, கருவிகள். கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து, சாந்துச் சட்டி, கொடுவாள் போதும். இளைஞர்கள் எல்லோரும் முதலில் கொடுவாளுக்குத்தான் கை நீட்டுவார்கள். அதைக் கடைசி நாள் வரை சாக்கில் கட்டி வையுங்கள். பாதையைக் கெடுப்பது செடியல்ல, தண்ணீர்.

மூன்றாவது, வெறுங்கையோடு பாதை முழுவதும் நடந்து பாருங்கள். மலைவாழ் ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் வந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த ஓடை எந்த மழையில் வழி மாறும் என்று அவருக்குத் தெரியும். அரிப்பைக் கண்டால் அங்கேயே மண்ணைக் கொட்டாதீர்கள். தண்ணீர் பாதைக்குள் இறங்கும் இடத்தை மேலே ஏறித் தேடுங்கள். அடைக்க வேண்டியது அந்த இடம்.

நான்காவது, சாய்வு. நடந்து நடந்து பாதையின் நடு குழிந்து, பள்ளப்பக்க ஓரத்தில் மண் வரப்பாக நிற்கும். அந்த வரப்பை வெட்டி எடுங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவு பள்ளப்பக்கம் தாழ்ந்திருந்தால் நீர் தானே வெளியேறும்.

ஐந்தாவது, செங்குத்தான இடங்களில் பாதையில் ஓடும் நீரை வெளியே திருப்பும் குறுக்குக் கல் வரிசை. இதில்தான் பொறுமை வேண்டும். நேர் குறுக்காக வைத்தால் வண்டல் சேர்ந்து அடுத்த மழையில் மூடிவிடும். சுமார் 45 டிகிரி சாய்த்து, பள்ளப்பக்க முனை கீழே வருமாறு வாய்க்கால் வெட்டுங்கள். ஒருவரே எளிதாகத் தூக்கிவிடும் கல் உதவாது. அதற்குள் கீழ்முனையில் தொடங்கி, நாட்டு ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி பதியுங்கள். கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். மேலே ஏறி நின்று குதித்துப் பாருங்கள். ஆடினால் பிடுங்கி மீண்டும் பதியுங்கள்.

கல்லைப் புரட்டும்போது கையை அடியில் விடாதீர்கள். கடப்பாரையால் நெம்பி, திறக்கும் பக்கம் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு தூக்குங்கள். தேளோ பாம்போ இருந்தால் அந்தப் பக்கமாகப் போய்விடும். கருவி வீசுபவருக்கும் அடுத்தவருக்கும் பத்தடி இடைவெளி இருக்கட்டும்.

ஆறாவது, குறுக்கு வழிகளை அடைப்பது. ஏலகிரிச் சாலை 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஏற்றத்தைக் குறைக்கத்தான். நடைபாதை வளைவதும் அதற்கே. வளைவை வெட்டிக்கொண்டு நேராக இறங்கும் தடம் இரண்டே மழையில் ஓடையாகிவிடும். விழுந்து கிடக்கும் முள் கிளைகளையும் கற்களையும் போட்டு, மேல்முனையும் கீழ்முனையும் மறையும்படி மூடுங்கள். அறிவிப்புப் பலகையை யாரும் மதிப்பதில்லை, முள்ளை மதிப்பார்கள்.

இப்போது கொடுவாளை அவிழ்க்கலாம். உண்ணிச்செடியை வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்குங்கள். மற்றச் செடிகளில் பாதைக்குள் நீளும் கிளையை மட்டும் கழித்தால் போதும்.

கிளம்பும் முன் ஒவ்வொரு கல் வரிசைக்கும் மேட்டுப்பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கினால் நீர் வெளியேறும் வாயை இன்னும் நீட்டி வெட்ட வேண்டும்.