ராணுவத் துறைமுகத்தை மூடி இடம் மாற்றுகிறார்களா? சுற்றுச்சூழல் அறிக்கையில் நாம் கோட்டை விடும் இடங்கள்

ராணுவத் துறைமுகத்தை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் ஊரில் முதலில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். வேலி போகும், கடற்கரை திரும்பக் கிடைக்கும், கடை கண்ணி வரும், வேலை வரும். அதே செய்தியில் "இதற்கு மாற்றாக வேறு இடத்தில் தளம் கட்டப்படும்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அதை யாரும் இரண்டாம் தரம் படிப்பதில்லை. பிரச்சினை பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

மூடுவதையும் மாற்றுவதையும் இரண்டு தனிக்கதைகளாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை. ஜப்பானின் ஒகினாவா மாகாணத் தலைநகர் நாஹாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அமெரிக்க ராணுவத்தின் கையில் சுமார் 56 ஹெக்டேர் துறைமுகம் இருக்கிறது. அதைத் திருப்பித் தருவதாக 1974-லேயே பேசி முடித்தாயிற்று, மாற்று இடம் கொடுத்தால்தான் என்ற நிபந்தனையோடு. 2013-இல் வந்த திட்டம் "2028 அல்லது அதற்குப் பிறகு" என்று சொன்னது, அந்த "அதற்குப் பிறகு" எத்தனை வருடம் என்பது அதில் இல்லை. மாற்று இடம் பக்கத்து ஊர் உராசோயே. அங்கே சுமார் 49 ஹெக்டேர் ஆழமில்லாத பவளக் கடலை நிரப்பிக் கட்டுவதாகத் திட்டம். நாஹாக்காரருக்கு இது நிலம் வருகிற திட்டம், உராசோயேக்காரருக்குக் கடல் போகிற திட்டம். சுற்றுச்சூழல் மதிப்பீடு கடலை நிரப்புகிற வேலையைச் சுற்றியே நடக்கும், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் "திட்டம்" என்பது அதுதான். பழைய துறைமுகத்தின் மண்ணில் என்ன கிடக்கிறது என்பது வேறு கோப்பு, வேறு வருடம், வேறு மேசை. ஆகவே கையில் எந்த அறிக்கை வந்தாலும், இதன் மறுபாதி எங்கே என்றுதான் முதலில் தேட வேண்டும்.

அடுத்தது, மூடலாமா வேண்டாமா என்பதை மதிப்பீடு தீர்மானிக்கும் என்று நம்புவது. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் தள மூடல் சட்டம் இதைப் பச்சையாகவே எழுதி வைத்திருக்கிறது: எந்தத் தளத்தை மூடுவது என்று தள மூடல் ஆணையமும் குடியரசுத் தலைவரும் எடுக்கும் முடிவுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டம் பொருந்தாது. முடிவெடுத்த பிறகு நிலத்தை யாருக்கு எப்படிக் கொடுப்பது, அங்கிருந்த வேலைகளை எங்கே கொண்டுபோவது என்ற கட்டத்தில்தான் மதிப்பீடு உள்ளே வரும். இது தெரியாமல் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் "தளத்தை மூடாதே" என்று ஒரு மணி நேரம் பேசினால் குறிப்பில் ஒரு வரிதான் மிஞ்சும். எந்த முடிவு இன்னும் திறந்திருக்கிறதோ அதைப் பற்றிப் பேசினால்தான் பயன்.

சரி, பழைய தளத்துக்கு வருவோம். கப்பல் போய்விட்டது, ஆள் போய்விட்டான், இனி சுத்தம்தானே என்று நினைப்பது இங்கே நடக்கும் தவறு. கடற்படைத் துறைமுகம் என்றால் அடிப்படையில் அது ஒரு தொழிற்சாலை. கப்பல் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்கப் பூசிய வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் (உலகளவில் 2008-இல்தான் தடை அமலுக்கு வந்தது), பழைய பெயின்டை மணல் அடித்து உரித்தபோது உதிர்ந்த துகள், மின்மாற்றி எண்ணெய், ஆஸ்பெஸ்டாஸ், எரிபொருள் தொட்டிக் கசிவு, தீயணைப்பு நுரையில் இருந்த அழியாத ரசாயனங்கள், இரவில் மினுங்குவதற்காக ரேடியம் பூசிய கருவிகள். இதில் பாதி மண்ணில் இருக்கும், மீதி கப்பல்துறைக்கு அடியில் சேற்றில் இருக்கும். மண்ணை மட்டும் சோதித்துவிட்டுச் சேற்றைத் தொடாத அறிக்கையை அரைகுறை என்றுதான் சொல்ல வேண்டும், தூர்வாரும்போது அந்தச் சேறுதான் கலங்கி மீன் வரைக்கும் போகும்.

சான் பிரான்சிஸ்கோவின் ஹன்டர்ஸ் பாயின்ட் கப்பல் தளம் இதற்கெல்லாம் பாடப்புத்தகம் மாதிரி. 1946-இல் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்திய கப்பல்களில் சிலவற்றை இங்கே கொண்டுவந்துதான் கழுவினார்கள், மணல் அடித்து உரித்தார்கள். கதிரியக்க ஆய்வுக்கூடம் ஒன்று 1969 வரை இங்கேயே இயங்கியது. 1974-இல் கப்பல் தளம் மூடப்பட்டது, 1989-இல் நாட்டின் மிக மோசமான மாசுத் தளங்களின் பட்டியலில் ஏறியது, 2000-இல் அங்கிருந்த குப்பைமேடு தீப்பிடித்து மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகைந்தது. அப்புறம் வருகிறது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதை. சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த மேற்பார்வையாளர்கள் இருவர், கதிரியக்கம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டிய மண்ணுக்குப் பதிலாக வேறு இடத்துச் சுத்தமான மண்ணை எடுத்து, சந்தேக இடத்தின் பெயரை அதன் மேல் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வகம் பொய் சொல்லவில்லை, அதற்கு வந்த மண் சுத்தமான மண்தான். இருவரும் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மறு வருடம் தலா எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். அதே 2018-இல், 2004-லேயே நகரத்திடம் ஒப்படைத்து வீடுகள் எழும்பிவிட்ட பகுதியில், குடியிருப்புக்குப் பக்கத்தில், ரேடியம் பூசிய, கப்பலின் மேல்தளத்தில் பதிக்கும் அடையாள வில்லை ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

அதனால் அட்டவணையில் "வரம்புக்குக் கீழ்" என்று இருப்பதைப் பார்த்ததும் நிம்மதியாகி அடுத்த பக்கம் புரட்டாதீர்கள். மாதிரி யார் எடுத்தது, அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார், எத்தனை இடத்தில் எவ்வளவு ஆழத்தில் துளை போட்டார்கள், வேறு யாராவது மறுபடி சோதித்தார்களா? சோதிக்கவே சோதிக்காத பொருள்கள் எவை என்பதையும் கேளுங்கள், அதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, சுத்தம் செய்யும் செலவு மாசுபடுத்தியவர் தலையில்தான் விழும் என்று தானாகவே எடுத்துக்கொள்வது. சொந்த நாட்டுத் தளம் என்றால் ஓரளவு அப்படி. வெளிநாட்டுப் படையின் தளம் என்றால் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜப்பானில் அமெரிக்கப் படை இருப்பது பற்றிய 1960-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவுப்படி, நிலத்தைத் திருப்பித் தரும்போது பழைய நிலைக்குக் கொண்டுவரும் கடமை அமெரிக்காவுக்குக் கிடையாது. ஆகவே செலவு ஜப்பானிய வரிப்பணம். ஒகினாவா தீவிலேயே அதே பெயர் கொண்ட நகரில் 1987-இல் திரும்பி வந்த விமானத் தள நிலத்தில் கால்பந்து மைதானம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், 2013-இல் தோண்டியபோது துருப்பிடித்த ரசாயன டிரம்கள் வெளியே வந்தன, எடுக்க எடுக்க நூறைத் தாண்டியது. பிலிப்பைன்ஸின் சுபிக் விரிகுடாவும் இதே கதைதான். அமெரிக்கக் கடற்படை 1992 நவம்பரில் கிளம்பியது. அதே வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே, சுபிக்கில் முழுமையான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி இல்லை, கப்பல் பழுதுபார்க்கும் இடத்தின் ஈயமும் பிற உலோகங்களும் விரிகுடாவுக்குள் போகின்றன என்று எழுதியது. ஆனால் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை தள ஒப்பந்தத்தில் இல்லை.

இனி புது இடம். இங்கே தவறு வேறு மாதிரி, வரைவு அறிக்கையில் இருப்பதுதான் முழுத் திட்டம் என்று எடுத்துக்கொள்வது. ஃபுடென்மா விமானத் தளத்துக்கு மாற்றாக ஒகினாவாவின் ஹெனோகோவில் கடலை நிரப்பிக் கட்டுகிறார்கள், கப்பல் அணையும் கரைச்சுவரும் அதில் சேர்ந்தது. ஹெலிகாப்டர் மாதிரி நேராக எழும்பக்கூடிய, சர்ச்சைக்குரிய ஆஸ்ப்ரே ராணுவ விமானம் அங்கே வரும் என்பது வரைவில் இல்லை, ஊர் மக்கள் கருத்துச் சொல்லி முடித்த பிறகு வந்த இறுதி அறிக்கையில்தான் தலைகாட்டியது. அந்த இறுதி அறிக்கை வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 28 விடியற்காலை நாலு மணி வாக்கில், மறியல்காரர்கள் இல்லாத நேரம் பார்த்து, பாதுகாப்புத் துறை அதிகாரிகள் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துவந்து மாகாண அலுவலகக் காவலாளி அறையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அதைவிடப் பெரியது கடலடி மண். மயோனைஸ் மாதிரி குழைகிறது என்று அங்கே பேர் வாங்கிய அந்த மண் கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர் ஆழம் வரை போகிறது, ஜப்பானிடம் இருந்த வேலைக் கப்பல்கள் எட்டக்கூடியது 70 மீட்டர். அனுமதி 2013-இல் கொடுத்தாயிற்று, மண் இப்படி என்பது வெளியில் தெரிந்தது 2018-இல். சுமார் 71,000 மணல் தூண்களை இறக்கி மண்ணைக் கெட்டிப்படுத்தப் போகிறோம் என்றார்கள், அரசு சொன்ன செலவு 350 பில்லியன் யென்னிலிருந்து 930 பில்லியனுக்குத் தாவியது. அனுமதி கொடுத்தபோது மேசையில் இருந்த அறிக்கையில் இந்தத் தூண்கள் கிடையாது. எனவே புதுத் தளத்து அறிக்கையில் மண் ஆய்வு எத்தனை இடத்தில் நடந்தது என்ற பக்கத்தை முதலில் புரட்டுங்கள், பவளத்தின் வண்ணப்படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பவளம் என்றதும் ஞாபகம் வருகிறது, "பெயர்த்து வேறு இடத்தில் நடுவோம்" என்ற வரி. ஹெனோகோவில் சுமார் 40,000 பவளக் கூட்டங்களை மாற்றி நடும் அனுமதிக்காகவே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடுவது சுலபம், ஐந்து பத்து வருடம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று யார் எண்ணுவது, செத்தால் என்ன நடவடிக்கை என்பது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆவுளியா (நம் பாக் விரிகுடாவில் இருக்கும் அதே கடற்பசுதான்) கடல்புல்லை மேய்ந்து வாழ்வது. ஆவுளியாவைப் பெயர்த்து நட முடியாது. மதிப்பீட்டில் மூன்றே மூன்று ஆவுளியாக்களைத்தான் பதிவு செய்தார்கள், அதில் ஒன்று 2019 மார்ச்சில் செத்து மிதந்தது.

உராசோயேக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்தக் கடற்கரையில் ஏற்கெனவே புதுச் சாலை வந்துவிட்டது, 2019-இல் பெரிய வணிக வளாகம் திறந்தாயிற்று, ராணுவத் துறைமுகத்தோடு சேர்த்துப் பொதுப் பயன்பாட்டுக்கும் கடலை நிரப்பும் எண்ணம் இருக்கிறது. ஒவ்வொன்றின் பாதிப்பும் தனித்தனியாகப் பார்த்தால் "சிறிது" என்றுதான் வரும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே வரைபடத்தில் போட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக, கருத்து எழுதி அனுப்பும்போது நடக்கும் தவறு. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எதிர்ப்பின் அளவு தெரியும், ஆனால் அதிகாரி ஒரே பதிலில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார். பக்க எண், அட்டவணை எண் போட்டு, "இந்தக் கப்பல்துறையின் வடக்குப் பக்கச் சேற்றில் ஏன் ஒரு மாதிரிகூட எடுக்கவில்லை?" என்று கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் எழுதியாக வேண்டும். பழைய ஊழியர்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள். எந்தக் குழியில் எதைப் புதைத்தார்கள் என்பது கோப்பில் இருக்கிறதோ இல்லையோ, அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வாங்கி, கெடு முடிவதற்குள் உங்கள் கருத்தோடு சேர்த்து அனுப்பிவிடுங்கள்.